தப்பு தெரியுது, ஆள் தெரியலை

சித்திரை பிறந்துவிட்டால் தேவாரம், கோம்பை, போடி வட்டாரத்தில் கொட்டுச் சத்தம் ஓயாது. ஒரு ஊரில் சாமி மலையேறுவதற்குள் அடுத்த ஊரில் சாட்டிவிடுவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுக்க மலைத் தோட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஜனம் இறங்கும். ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு இல்லாத மாதங்கள் இவை. விடியக்காலம் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைக்குப் போகிற ஆட்களில் தப்பும் உருமியும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோடைதான் இன்னொரு கூலி. அந்தப் பக்கம் கோடைக்கானலில் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி, கோடை விழா. அது மாதிரியான மேடைகளுக்குக் ‘கிராமியக் கலை’ என்ற பெயரில் குழுக்கள் வேன் பிடித்துப் போகும். ஊர்த் திருவிழாவானாலும் சரி, விழா மேடையானாலும் சரி, பின்னாலேயே கேமராக்கள் வந்துவிடும். அந்தக் கேமராக்கள் எடுத்துக்கொண்டு போகிற படங்களைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. நம் பத்திரிகைகளில் பாட்டைப் பற்றி எழுதியாயிற்று, ஆட்டத்தைப் பற்றி எழுதியாயிற்று. படத்தை மட்டும், ‘எடுத்தாரே, அதுவே பெருசு’ என்று விட்டுவைத்திருக்கிறோம்.

சில வருசமாகவே இந்தப் படங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்து வருகிறேன். காலண்டரில் வந்தது, வாரப் பத்திரிகையில் வந்தது, செல்போனில் சுற்றுவது, கண்காட்சியில் சட்டம் போட்டு மாட்டியது. மலையூர் ஒன்றில் கோடை விழாவை ஒட்டி நடந்த ஒரு கண்காட்சிக்கும் போய்ப் பார்த்தேன். எந்த ஊர், யார் நடத்தினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எடுத்தவர் பெயர் இருந்தது. கேமராவின் பெயர் இருந்தது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்பதுகூட இருந்தது. அடித்தவன் பெயர் ஒன்றின் கீழேயும் இல்லை. ‘தாளம்’, ‘ஆதி முழக்கம்’, ‘மண்ணின் துடிப்பு’ என்று தலைப்புகள் மட்டும் இருந்தன. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கவிதைத் துண்டு.

பெயர் இல்லாதது ஒரு மறதி என்று சொல்லிவிடலாம். ஆனால் படம் எடுக்கப்பட்ட விதத்திலேயே அந்த ஆள் இல்லை. இந்தப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி எடுக்கப்படுகின்றன. எடுப்பவர் மண்டியிட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து, அகல லென்ஸைத் தப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். அகல லென்ஸின் குணம், கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், எட்ட இருப்பதைச் சிறிதாக்கும். ஆகவே தப்பு வண்டிச் சக்கரம் மாதிரி தெரியும், அடிப்பவன் தலை எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிடும். அல்லது நீள லென்ஸை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே கையை மட்டும் வெட்டி எடுப்பது: நரம்பு, வியர்வை, அடிகுச்சி. ஷட்டரை முப்பதில் ஒரு நொடிக்கு இறக்கினால் கை புகையாக ஓடும். அதற்கு ‘இயக்கம்’ என்று பேர். பிறகு கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்குவது. கறுப்பான உடம்பை இன்னும் கறுப்பாக்கிப் பல்லையும் கண்ணையும் மட்டும் வெள்ளையாக விடுவது. இதைத்தான் ‘அழகியல்’ என்று விருது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் ஒரு சபாப் படத்தை வைத்துப் பாருங்கள். மார்கழியில் சென்னையில் எடுக்கிற கச்சேரிப் படம். மிருதங்கக்காரரின் முகம் இருக்கும். கண் மூடியிருக்கும், நெற்றி சுருங்கியிருக்கும், அவர் ஏதோ யோசிக்கிறார் என்று படம் சொல்லும். கீழே பெயர், இனிஷியலோடு. அதுவும் தோல்தானே? மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அந்தத் தோலைப் பதம் பார்த்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், குறிப்பாகத் தலித் கிறித்தவர்கள் என்பதை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகமாகவே எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றதும் நமக்குத் தெரியும். சபாப் படத்தில் முகம், கோடை விழாப் படத்தில் கை. அவருக்குச் சிந்தனை, நமக்குத் துடிப்பு. ஒருவர் வாசிக்கிறார், இன்னொருவன் அடிக்கிறான். மொழியில் இருக்கிற இந்தச் சாதி வித்தியாசத்தை அச்சு பிசகாமல் கேமரா திருப்பிச் சொல்கிறது.

தீயை எடுத்துக்கொள்ளலாம். தப்புக் காய்ச்சுகிற படம் இல்லாத கண்காட்சியே கிடையாது. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தித் தோலைக் காட்டுவது எதற்கு? ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், சுதி இறங்கிவிடும். சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகினால் ‘கணீர்’ என்று பேசும். விரலால் சுண்டிச் சுண்டிக் காது கொடுத்துப் பார்த்து, போதும் என்று எடுப்பார்கள். கொஞ்சம் விட்டால் தோல் வெடித்துவிடும். இது சுதி சேர்க்கிற வேலை, காதின் வேலை. தம்புரா பிருடையைத் திருகுகிற மாதிரி, மிருதங்கத்தின் விளிம்பில் கல்லால் தட்டுகிற மாதிரி. ஆனால் படத்தில் இது என்னவாக வருகிறது? இருட்டு, நெருப்பு, நெருப்புக்கு மேலே கறுத்த முகம். ஏதோ கற்காலச் சடங்கு. காது கொடுத்துக் கேட்கிற அந்த நிமிசத்தை எடுத்த ஒரு படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த நிமிசத்தில் தீ தணிந்திருக்கும். அது விலைபோகாது போலிருக்கிறது.

இந்தப் பார்வை நேற்று முளைத்ததல்ல. வெள்ளைக்காரன் 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்று எட்டுத் தொகுதி படம் போட்டான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார். அளவுகோலும் கேமராவும் அவருக்கு ஒரே பெட்டிச் சாமான். படத்துக்குக் கீழே ஆளின் பெயர் வராது, சாதியின் பெயர் வரும். ஒரு ஆளைக் காட்டி ஒரு சாதியைச் சொல்லிவிடலாம் என்கிற துணிச்சல் அது. இன்றைக்குச் சாதிப் பெயரைப் போட்டால் வழக்கு வரும். ஆகவே ‘பறையிசைக் கலைஞர்’ என்று மரியாதையாகப் போடுகிறார்கள். நாகரிகமான வார்த்தைதான், ஆனால் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தர்ஸ்டனுடையது.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவுக்குச் சாதி உண்டா என்று கேட்பவர்கள் கோடாக்கின் ‘ஷெர்லி கார்டு’ கதையைப் படிக்க வேண்டும். கலர்ப் படங்களை அச்சிடும்போது நிறம் சரியா என்று பார்ப்பதற்குக் கோடாக் ஸ்டுடியோக்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பின மக்களின் முகம் இருளடித்துப்போனது யாருக்கும் குறையாகப் படவில்லை. சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்கள் தங்கள் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று கேட்ட பிறகுதான் படச்சுருளில் கைவைத்தார்கள் என்று அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயும் கணக்கு அதுதான். மேடையில் வெள்ளை வேட்டிப் பிரமுகர்கள் வரிசையாக நிற்கும்போது கேமராவைத் தன்போக்கில் விட்டால், அது வேட்டிக்கு வெளிச்சம் பார்க்கும். தப்படிப்பவன் முகம் குழியாகிவிடும். ஒரு திருகு திருகி வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் வரும். அந்தத் திருகைத் திருகுவதா வேண்டாமா என்பதில்தான் எடுக்கிறவர் அரசியல் இருக்கிறது. ஆயிரம் கட்டுரை எழுத வேண்டாம்.

சட்டத்துக்கு வெளியே விடப்படுவது என்ன என்பது இன்னும் பெரிய கேள்வி. ஊர்த் திருவிழாவில் கொட்டுக்காரர்கள் நிற்கிற இடம் ஒன்று உண்டு. எது வரைக்கும் போகலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், துண்டு தோளிலா இடுப்பிலா, சாப்பாடு பந்தியிலா பொட்டலமா, கூலியைக் கையில் கொடுக்கிறார்களா தரையில் வைக்கிறார்களா – இதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு, வருசத்துக்கு வருசம் சண்டை போட்டு மாற்றியதும் உண்டு. அகலமாக ஒரு படம் எடுத்தால் இத்தனையும் தெரியும். ஒரு அடி பின்னால் போனால் போதும். ஆனால் நம் கேமராக்காரர் எப்போதும் ஒரு அடி முன்னால்தான் போகிறார். கையை வெட்டி எடுக்கும்போது காலில் செருப்பு இல்லாதது போய்விடுகிறது. ‘கலை’ மட்டும் மிஞ்சுகிறது, ‘சேவகம்’ மறைந்துவிடுகிறது.

அப்படியானால் எடுக்கவே கூடாதா என்று கேட்பார்கள். இது நமக்குள்ளேயே தீராத வாதம். எல். இளையபெருமாள் தென்னார்க்காட்டில் பறையடிக்க மாட்டோம் என்று சேரிகளைத் திரட்டினார். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று எத்தனையோ ஊரில் பறையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கே. ஏ. குணசேகரன் பாட்டையும் கருவியையும் எடுத்துக்கொண்டு மேடை மேடையாக ஏறினார். 1990களில் மதுரை அரசரடியில் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை, போராட்டக் கருவியாகவே முழங்கியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்கள் மட்டுமே தொட்ட தப்பைத் தோளில் மாட்டினார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையும் பெயர் போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. உடைத்தவர்களும் சரி, எடுத்தவர்களும் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். இருவரும் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்தார்கள். படத்தில் அந்த முடிவுக்கு இடமே இல்லை. விரும்பி அடிக்கிறவனும் வேறு வழியில்லாமல் அடிக்கிறவனும் படத்தில் ஒன்றுபோலவே துடிக்கிறார்கள்.

தேவாரத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் காலேஜ் படிக்கிறது. இவர் தப்போடு நிற்கிற படம் யாரோ எடுத்து, எங்கெங்கோ சுற்றி அந்தப் பிள்ளையின் வகுப்பு செல்போனுக்கே வந்துவிட்டது. “பிள்ள ஒரு வாரம் பேசல தம்பி. நான் அடிச்சத நான் மறைக்கல. ஆனா அது எங்க சொல்லணும், எப்பச் சொல்லணும்னு அதுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும்ல? அத இவன் யாரு உடைக்கிறதுக்கு?” இதற்கு எந்த அழகியலாளரும் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே ‘பெயர் போடு’ என்பதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1989 கலவரத்தைப் பார்த்த மண் இந்தப் போடி வட்டாரம். எவன் மகன் எவன் என்று அடையாளம் தெரிவது எல்லா நேரத்திலும் நல்லதல்ல என்பது இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டுமா, முகம் வேண்டுமா, இரண்டும் வேண்டாமா – கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்பதற்குக் கேமராவைக் கீழே இறக்கி ஒரு டீ குடிக்க வேண்டும். டீ குடிக்க நேரமில்லை என்கிறவர் பூவைப் படம் எடுக்கப் போகலாம், கோடைக்கானலில் அதற்கும் கண்காட்சி இருக்கிறது.

வேறு மாதிரி எடுக்க முடியாதா என்றால், முடியும் என்பதற்கு மதுரைப் பக்கமே ஆள் இருக்கிறது. ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்குக் கேமரா பிடித்த பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் வீட்டுக்கும் சாவுக்கும் திரும்பத் திரும்பப் போய் எடுத்தவர். அவர்களின் பிள்ளைகளுக்கே கேமராவைக் கற்றுக்கொடுப்பவர். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் வீட்டையும் தன் குடும்பத்தையுமே படமாக்கினார். இவர்களிடம் நான் பார்ப்பது திறமையை மட்டுமல்ல, இருந்து எடுப்பதை. திருவிழாப் படத்துக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. கொட்டு நின்றதும் கேமரா பைக்குள் போய்விடுகிறது. மறுநாள் விடியக்காலம் அதே ஆள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுவதை யாரும் எடுப்பதில்லை. அந்த ஜீப் கவிழ்ந்தால் மட்டும் எடுக்கிறார்கள். அப்போது பெயர், வயது, ஊர், தெரு எல்லாம் பிழையில்லாமல் பத்திரிகையில் வந்துவிடுகிறது.

எங்கள் பையன்கள் செல்போனில் எடுக்கிற படங்களையும் பார்க்கிறேன். பாதிப் படத்தில் தலை போய்விடும், லைட் வெடித்திருக்கும். இலக்கணப்படி எல்லாமே தப்பு. ஆனால் அடித்து முடித்து மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிற மாமா, தப்பை மடியில் வைத்துத் தூங்குகிற சின்னவன், கூலியை எண்ணிப் பிரிக்கிற இடம் – இதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இவற்றை யாராவது கண்காட்சியில் வைப்பார்களா என்று தெரியாது. நாமே வைத்தால் என்ன என்று ஒரு பேச்சு நடக்கிறது, சேரிச் சாவடியில், வருகிற சித்திரைக்கு.

இந்த வருசம் படம் எடுக்க வந்த ஒருவரிடம் அந்தப் பெரியவர் ஒன்று கேட்டிருக்கிறார். “தப்பில்லாம ஒண்ணு எடுங்க சார். வீட்டுக்குப் போய்ச் சட்டை போட்டுட்டு வந்துர்றேன், ஒரு நிமிசம்.” வெளிச்சம் போயிருச்சு என்றாராம் வந்தவர்.