ஊர் திரும்பும் ஆய்வாளருக்கு ஓர் ஆய்வகம்

1951இல் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் ஆய்வை முடித்துவிட்டு லாகூர் அரசுக் கல்லூரிக்குப் பேராசிரியராகத் திரும்பினார். வயது 25. குவாண்டம் களக் கோட்பாட்டில் உலகம் கவனித்த வேலையைச் செய்துவிட்டு வந்தவர். ஆனால் அவர் ஆய்வைத் தொடரவேண்டும் என்று கல்லூரியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. விடுதிக் காப்பாளர், கணக்கு மேற்பார்வை, கால்பந்துக் குழு ஆகிய மூன்றில் ஒன்றைக் கூடுதல் பொறுப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கால்பந்தை எடுத்துக்கொண்டார். இயற்பியலாளர் வோல்ஃப்காங் பவுலி பம்பாய்க்கு வந்திருப்பதை அறிந்து அவரைப் பார்த்துவிட்டு வந்தபோது, அனுமதியில்லாமல் விடுப்பு எடுத்ததற்கு விளக்கம் கேட்டார்கள். புதிய இதழ்கள் கைக்கு வரவில்லை, தன் துறையைப் பற்றிப் பேச அக்கம்பக்கத்தில் ஆளில்லை. 1954இல் மறுபடியும் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார்.

அந்தத் தனிமையிலிருந்துதான், சலாமின் முயற்சியால், 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் பிறந்தது. அதன் ‘அசோசியேட்’ திட்டம் சலாம் பட்ட பாட்டுக்கு நேரடியான மருந்து. வளரும் நாட்டு ஆய்வாளர் ஊரில் உள்ள வேலையை விடவேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்குள் பலமுறை திரியெஸ்தேக்கு வந்து, வாரக்கணக்கில் தங்கி, படித்து, விவாதித்துவிட்டுத் திரும்பலாம். அறிவியல் வேண்டுமா, சொந்த நாடு வேண்டுமா என்று ஒருவரை நிறுத்திவைத்துக் கேட்பது கொடுமை என்பதைச் சலாம் அனுபவித்து அறிந்திருந்தார். 1983இல் அவர் முன்னின்று தொடங்கிய மூன்றாம் உலக அறிவியல் அகாடமி, இன்று டிவாஸ் என்று அறியப்படுவது, இதே எண்ணத்தை எல்லாத் துறைகளுக்கும் விரித்தது. வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கும் பழக்கம் இவ்வாறு ஓர் அமைப்பாக வேர் பிடித்தது.

நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில் இந்தப் பழக்கத்தை எதை வைத்து எடைபோடுவது? வழங்கிய பட்டங்கள், கையெழுத்தான ஒப்பந்தங்கள், கூட்டாக வெளிவந்த கட்டுரைகள் ஆகியவற்றைத்தான் ஆண்டறிக்கைகள் எண்ணிக்காட்டுகின்றன. நான் கேட்க விரும்புவது வேறு. ஒத்துழைப்பு முடிந்த மறுநாள், இரண்டு கூட்டாளிகளில் வலுக்குறைந்தவரால் தனியாக என்ன செய்ய முடிகிறது?

முதலில் உதவித்தொகைகள். டிவாஸ் வழியாகச் சீன அறிவியல் அகாடமி ஆண்டுக்கு 200 பேர்வரை முனைவர் பட்ட ஆய்வுக்கு அழைத்தது. இந்தியாவின் சிஎஸ்ஐஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதுபோன்ற திட்டங்களை நடத்தியுள்ளன. பிரேசில், மலேசியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளும் இதில் உண்டு. ஏற்கும் நாடு ஆய்வகத்தையும் வாழ்க்கைச் செலவையும் தருகிறது. ஐரோப்பாவில் ஒருவரைப் பயிற்றுவிக்க ஆகும் பணத்தில் இங்கே பலரைப் பயிற்றுவிக்கலாம். செலவைவிடப் பெரிய நன்மை ஒன்றும் இருக்கிறது. ஹைதராபாத் ஆய்வகத்துக்கு வரும் ஆப்பிரிக்க மாணவருக்கு அங்குள்ள பயிரும் பூச்சியும் வெயிலும் அந்நியமல்ல. நிலக்கடலையில் பூஞ்சையால் சேரும் அஃப்லாடாக்சின் நஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆந்திர விவசாயிக்கும் மலாவி விவசாயிக்கும் பொதுவான தொல்லை. ஹைதராபாத்தை அடுத்த படான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிறுவனம் இந்த நஞ்சைக் கண்டறிய மலிவான எலைசா சோதனையை உருவாக்கி மலாவிக்குக் கொண்டுபோனது. விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் செய்யக்கூடிய சோதனை அது. பொதுவான தொல்லைக்குப் பொதுவான கருவி என்பதே இந்த ஒத்துழைப்பின் சிறந்த வடிவம் என்பேன்.

ஆனால் பெரும்பாலான மாணவர்கள் ஊருக்குக் கொண்டுபோவது அப்படிப்பட்ட சோதனையை அல்ல. அதே நஞ்சை எச்பிஎல்சி எனும் பகுப்பாய்வுக் கருவியில் அளக்கப் பழகிய ஒருவரை எண்ணிப்பாருங்கள். இங்கே இருந்தவரை, கருவியின் பிரிப்புக் குழாய் தேய்ந்தால் போன் செய்தால் போதும், சில நாளில் புதியது வரும். பம்ப் பழுதானால் கம்பெனி ஆள் வந்து நிற்பார். தூய கரைப்பான் பாட்டில்கள் அலமாரியில் எப்போதும் இருக்கும். ஊர் திரும்பிய பிறகு அதே குழாயை டாலர் கொடுத்து இறக்குமதி செய்யவேண்டும். பல்கலைக்கழகக் கொள்முதல் குழு, வங்கி, சுங்கம் என்று மாதங்கள் ஓடும். பழுதுபார்ப்பவர் இன்னொரு நாட்டிலிருந்து விமானத்தில் வரவேண்டும். இதற்கிடையில் மின்சாரம் போய்ப்போய் வரும். வாரத்துக்கு இருபது மணிநேரம் வகுப்பு எடுத்துவிட்டு இத்தனையோடும் மல்லுக்கட்டவேண்டும். சலாமுக்குக் கால்பந்துக் குழுவைக் கொடுத்த அதே மனநிலை, இன்று தேர்வு மேற்பார்வையையும் சேர்க்கைப் பணியையும் இவருக்குக் கொடுக்கிறது.

உதவித்தொகைத் திட்டங்களின் அமைப்பிலேயே இன்னொரு குறையும் இருக்கிறது. மாணவர் எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதை ஏற்கும் ஆய்வகமே முடிவு செய்கிறது. வழிகாட்டியின் கையில் எந்தத் திட்டத்துக்கு நிதி இருக்கிறதோ அதில்தான் மாணவர் உட்காருவார். வழிகாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் கெடு இருக்கிறது. ஆனால் நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் அந்த மாணவரின் கையில் இருப்பது இன்னொரு நாட்டின் கேள்விக்கான விடை. ஊருக்குப் போனதும் அந்தக் கேள்வியைத் தொடரக் கருவி இருக்காது, தன் ஊரின் கேள்வியைத் தொடங்கப் பழக்கம் இருக்காது. மறுபடியும் வெளிநாடு போவதைத் தவிர வழி தெரியாதவர்களைப் ‘பணத்தாசை’ என்று தூற்றுவது எளிது, நியாயமல்ல.

இதற்கு ஒரு மாற்று உண்டு. வளரும் நாடுகளின் பெண் அறிவியலாளர் அமைப்பு வழங்கும் ‘சாண்ட்விச்’ வகை உதவித்தொகையில், மாணவி தன் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே பதிவுசெய்கிறார். அங்குள்ள வழிகாட்டியோடு கேள்வியை வகுத்துக்கொண்டு, கருவி தேவைப்படும் காலத்துக்கு மட்டும் இன்னொரு வளரும் நாட்டு ஆய்வகத்துக்குப் போய்வருகிறார். அதே அமைப்பு, ஊரில் நிலைத்துவிட்ட இளம் பெண் ஆய்வாளர்களுக்கு 50,000 டாலர்வரை தந்து ஆய்வுக்குழு அமைக்கவும் உதவுகிறது. பெரிய தொகையல்ல. ஆனால் பணம் ஆள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. என் கணிப்பில், இத்தனை ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்ட வடிவங்களில் இதுவே சிறந்தது. இது இன்னும் பெருவழக்காகவில்லை என்பதுதான் வருத்தம்.

இப்போது பணம். டிவாஸின் அடிப்படைச் செலவை ஆரம்பம் முதல் இத்தாலிய அரசு ஏற்றுவருகிறது. பெண்களுக்கான முனைவர் உதவித்தொகையை ஸ்வீடனின் உதவி நிறுவனமும், ஊரில் நிலைத்தவர்களுக்கான நிதியைக் கனடாவின் ஆய்வு நிதி நிறுவனமும் தாங்கின. நன்றியோடு நினைக்கவேண்டிய உதவிகள். இருந்தாலும் வளரும் நாடுகளிடையே ‘தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு’ என்ற பெயரில் நடப்பதன் அச்சாணி வடக்கின் பணக்கார நாடுகளில் இருக்கிறது என்பது உண்மை. ரோமிலோ ஸ்டாக்ஹோமிலோ அரசியல் காற்று திசைமாறினால் கம்பாலாவில் ஓர் ஆய்வு பாதியில் நிற்கும். ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 1 சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்குவதாகப் பலமுறை உறுதி கூறியுள்ளன. உலகில் ஐந்தில் நான்கு நாடுகள் அந்த 1 சதவீதத்தைத் தொடவில்லை என்றது 2021ஆம் ஆண்டின் யுனெஸ்கோ அறிவியல் அறிக்கை. சுமார் 0.64 சதவீதத்தோடு இந்தியாவும் அந்த நான்கில்தான் இருக்கிறது.

பட்டங்களை விட்டுப் பொருள்களுக்கு வருவோம். செனகலிலிருந்து எத்தியோப்பியாவரை நீளும் மூளைக்காய்ச்சல் பட்டையில் 1996–97இல் பரவிய கொள்ளைநோய் சுமார் 25,000 உயிர்களைக் குடித்தது. பெரும்பாலும் ஏ வகைக் கிருமி. பணக்கார நாடுகளில் அந்த வகை அரிது என்பதால் அதற்குத் தடுப்பூசி செய்வதில் பெரிய மருந்து நிறுவனங்களுக்கு அக்கறை இல்லை. ஆப்பிரிக்க அதிகாரிகள் தெளிவாக ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஒரு டோஸ் அரை டாலரைத் தாண்டினால் எங்களால் வாங்க முடியாது. 2001இல் உலக சுகாதார அமைப்பும் பாத் என்ற தன்னார்வ நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளை நிதியோடு தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கின. அமெரிக்க அரசு ஆய்வகம் இணைப்புத் தொழில்நுட்பத்தைத் தந்தது, புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்தது. மாலி, காம்பியா, செனகல், கானா, இந்தியா ஆகிய நாடுகளில் சோதனைகள் நடந்தன. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் மென்ஆஃப்ரிவேக் என்ற அந்தத் தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள்.

2012இல் பெனின் நாட்டின் பனிக்கோராவில் நடந்த தடுப்பூசி முகாமைச் சொல்லவேண்டும். ஊழியர்கள் பனிக்கட்டி இல்லாமலேயே குப்பிகளை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். 40 டிகிரிவரையான வெப்பத்தில் நான்கு நாள் இருந்தாலும் மருந்து கெடாது என்று முன்பே ஆராய்ந்து உறுதிசெய்திருந்தார்கள். ஒவ்வொரு குப்பியிலும் வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம். வெப்பம் ஏற ஏற அது கறுக்கும், கறுத்துவிட்டால் குப்பியைக் கழித்துவிடவேண்டும். ஐஸ் பெட்டிகளுக்குப் பனிக்கட்டி உறையவைக்கவே ஓடிக்கொண்டிருந்த ஊழியர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! யாருக்காகச் செய்கிறோம் என்பதை முதலிலேயே கேட்டுவிட்டு அறிவியல் செய்தால் இப்படி இருக்கும். 30 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த ஊசி போட்டுக்கொண்டார்கள். ஏ வகை நோய் அந்தப் பட்டையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. மக்கள் நலன் என்ற தராசில் இதற்கு முழு மதிப்பெண்.

நான் முதலில் கேட்ட கேள்வியின் தராசில் பாதிதான். மாலியின் பமாகோவிலும் மற்ற இடங்களிலும் மருந்துச் சோதனை நடத்தும் திறன் வளர்ந்தது, அது நிலைத்தும் இருக்கிறது. தயாரிக்கும் திறன் மட்டும் புனேயிலேயே தங்கிவிட்டது. அதன் விலை 2021இல் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலை நெருக்கியபோது மார்ச் இறுதியில் இந்தியா தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஏழை நாடுகளுக்கான கோவாக்ஸ் திட்டம் சீரம் நிறுவனத்தையே பெருமளவு நம்பியிருந்தது. முதல் டோஸ் போட்டுக்கொண்ட ஆப்பிரிக்க மருத்துவ ஊழியர்கள் பலர் இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள், நவம்பர்வரை அந்த ஏற்றுமதி மீளவில்லை. நம் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. அந்த முடிவைத் தீயது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தெற்கு நாடு ஒன்றை நம்பியிருப்பதும் நம்பியிருப்பதுதான் என்பது அன்று நிரூபணமானது. அதே ஆண்டு கேப்டவுனில் அஃப்ரிஜென் நிறுவனத்தை மையமாக வைத்து உலக சுகாதார அமைப்பு எம்ஆர்என்ஏ தொழில்நுட்ப மையத்தை அறிவித்தது. அந்த ஆய்வாளர்கள் பொதுவெளியில் கிடைத்த தகவலைக்கொண்டே தடுப்பூசி மாதிரியை உருவாக்கி, செய்முறையைப் பல வளரும் நாடுகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். மருந்தை அனுப்புவதற்கும் செய்முறையை அனுப்புவதற்கும் உள்ள தூரத்தை ஆப்பிரிக்கா மிக அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

என் கேள்விக்கு முழுதாக விடை சொல்லும் ஓர் உதாரணமும் உண்டு, அது சீனா–பிரேசில் பூமி நோக்குச் செயற்கைக்கோள் திட்டம். 1988இல் ஒப்பந்தம். செலவில் சீனா 70 சதவீதம், பிரேசில் 30. வெளியார் நிதி இல்லை. பிரேசிலின் பணத் தட்டுப்பாட்டால் இழுத்தடித்து, முதல் செயற்கைக்கோள் 1999இல்தான் ஏறியது. பின்னால் வந்த கோள்களுக்குப் பங்கு சரிபாதியானது. 2013 டிசம்பரில் ராக்கெட் கோளாறால் ஒரு கோள் அழிந்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு பிரியவில்லை, மறு ஆண்டு டிசம்பரிலேயே அடுத்த கோளை ஏற்றினார்கள். அமேசான் காட்டழிப்பைப் பார்க்க உதவும் படங்களை 2004 முதல் இலவசமாகவும் தந்தார்கள். 2021 பிப்ரவரியில், முழுக்கத் தானே வடிவமைத்த அமேசோனியா-1 செயற்கைக்கோளைப் பிரேசில் விண்ணுக்கு அனுப்பியது. அதை ஏற்றிச்சென்றது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் பிஎஸ்எல்வி. 30 சதவீதப் பங்காளி முப்பது ஆண்டுகளில் சொந்தக் கோள் கட்டும் நாடானது. சொந்தப் பணம், நீண்ட காலம், தோல்வியைத் தாங்கும் பொறுமை ஆகிய மூன்றும் இருந்ததால் இது நடந்தது. பணமும் தொழிலும் உள்ள பிரேசிலால் முடிந்தது மலாவியால் முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வளரும் நாடுகள் என்று எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா ஆகியவற்றுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி, வடக்குக்கும் தெற்குக்கும் இடையே உள்ளதற்கு இளைத்ததல்ல. அங்கே போகும்போது நாம் கொடுப்பவர்கள், கொடுப்பவருக்கு உரிய பொறுப்பு நமக்கு உண்டு.

2023இல் சென்னை ஐஐடி, தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே முதல் ஐஐடி. தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு படிப்புகளோடு தொடங்கியிருக்கிறது. அந்தப் படிப்புகளுக்கு அங்கும் வேலை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சான்சிபாரின் கரையோரப் பெண்கள் பலர் கடற்பாசி வளர்த்துப் பிழைக்கிறார்கள். கடல் சூடேறச் சூடேற விலை போகும் பாசி வகைகள் நோய்ப்பட்டு அழிகின்றன. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நம் மீனவப் பெண்கள் பலருக்கும் பாசிதான் வாழ்வு. இரு கரைகளும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்விகள் காத்திருக்கின்றன. அவற்றைத் தான்சானிய ஆய்வாளர்கள் தலைமையேற்று ஆராயும் ஆய்வகம் அந்த வளாகத்தில் வரவேண்டும்.

இந்தியா தரும் ஒவ்வொரு முனைவர் உதவித்தொகையிலும் மாணவரின் சொந்தப் பல்கலைக்கழக வழிகாட்டி ஒருவருக்குச் சம அதிகாரம் வேண்டும். பட்டம் முடிந்தபின் மூன்று ஆண்டுக்கு வேதிப்பொருள், உதிரிப்பாகம், பழுதுபார்ப்புக்கென ஒரு தொகை அவரோடு ஊருக்குப் போகவேண்டும். இங்கே எந்தக் கருவியில் பழகினாரோ அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பர் ஒருவரையும் அவரோடு சேர்த்துப் பயிற்றுவிக்கவேண்டும். அந்த நாட்டு அரசு மின்சாரத்துக்கும் அந்தத் தொழில்நுட்பரின் சம்பளத்துக்கும் எழுத்தில் உறுதி தந்த பிறகே மாணவரைத் தேர்வுசெய்யவேண்டும். இப்படிச் செய்தால் உதவித்தொகைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறையலாம். குறையட்டும்.