பங்குனி மாத வானிலை அறிக்கை

மார்ச் பிறந்துவிட்டால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை விரும்பிப் படிப்பேன். புயல் நாட்களின் பரபரப்பு அதில் இருக்காது. வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி கூடும் என்பதும், மேற்குத் தொடர்ச்சி மலையோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை என்பதும் ஒரே பக்கத்தில் வரும். முரண் போலத் தெரிந்தாலும், அந்த வெயில்தான் இந்த மழைக்கு வித்து. சூடேறிய தரைக்காற்று மேலெழும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அதனோடு சேரும். பிற்பகலில் மலைமுகட்டில் மேகம் திரண்டு மாலையில் கொட்டித் தீர்த்துவிடும். தெற்குத் தெருவில் வெள்ளம், வடக்குத் தெருவில் புழுதி. இப்படிப்பட்ட மழையை ‘ஓரிரு இடங்களில்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிற நிதானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மார்ச் முதல் மே வரை தமிழகத்துக்குக் கிடைப்பது சராசரியாக 125 மி.மீ. அளவில்தான். ஆனால் ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் காபிச் செடியின் மொட்டுகள் இதற்காகவே காத்துக் கிடக்கும். ஒரு நல்ல மழை போதும். எட்டு, பத்து நாளில் கணுவுக்குக் கணு வெள்ளைக் கொத்துகள். மல்லிகையை நினைவூட்டும் மணம். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும், பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சமவெளியில் இது கோடை உழவுக்கான மழை. புரண்ட மண்ணிலிருந்து வெளிப்படும் கூட்டுப்புழுக்களைக் கொத்த, கொக்கும் மைனாவும் கலப்பைக்குப் பின்னாலேயே நடக்கும். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். டிராக்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க, மானாவாரி விவசாயிக்கு அந்த அறிக்கை வேண்டும்.