பழவேற்காடும் ஒருங்கிணைந்த போக்குவரத்தும்

பேருந்து, ரயில், ஆட்டோ ஆகியவற்றின் நேர விவரம், பயணச்சீட்டு, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே சேவைக்குள் கொண்டுவருவது ஒருங்கிணைந்த போக்குவரத்து எனப்படும். ஹெல்சிங்கியில் 2016-இல் தொடங்கிய ‘விம்’ செயலி இதன் முன்னோடி. அதை நடத்திய தனியார் நிறுவனம் 2024-இல் திவாலானது. சென்னையில் இவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்திடம் (கும்டா) உள்ளது. அதன் ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, கார் ஆகியவற்றுக்கு அதில் பதிவு செய்யலாம்.

இம்முறையின் நன்மை வெளிப்படை. சில்லறைத் தொல்லையும் சீட்டுக்கான வரிசையும் குறைகின்றன. பல துறைகளின் விவரம் ஓரிடத்தில் கிடைக்கிறது. வண்டிகள் அடிக்கடி ஓடும் நகர நடுவில் இதுவே போதுமானது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் ஊர்களில் நிலைமை வேறு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டித் தடத்தில் வரும் ரயிலிலிருந்து பொன்னேரியில் இறங்கி, பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறத்தாழ 18 கி.மீ. செல்ல வேண்டும். முதல் குறை நேரத்தில் உள்ளது: ரயிலும் பேருந்தும் வெவ்வேறு நிர்வாகங்களின் கையில் இருப்பதால், ரயில் தாமதமானால் பேருந்து காத்திராது. சீட்டை ஒன்றாக்குவதால் இந்த இடைவெளி மறைவதில்லை.

இரண்டாவது குறை கட்டணத்தில் உள்ளது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். எல்லா ஊர்திக்கும் சேர்த்து மாதச் சந்தா வாங்கும் ‘விம்’ பாணி இங்கு வந்தால், மீன் விற்கும் பெண் இலவசமாகப் பெறுவதற்கும் பணம் கட்ட நேரும்.

மூன்றாவது, சுமை. சென்னைப் புறநகர் ரயிலில் வியாபாரிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. பேருந்தில் மீன் கூடைக்கு அப்படி இடமில்லை. குளச்சலில் 2021 டிசம்பரில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் வாடையைக் காரணம் காட்டி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அதே ஆண்டு கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் மகளிருக்கென ‘சமுத்ரா’ பேருந்துகளை விட்டது. கூடை ஒரு வண்டியில் ஏறி அடுத்ததில் ஏறாவிட்டால் பயணம் பாதியிலேயே அறுந்துவிடும்.

நான்காவது, உரிமம். ஒப்பந்த ஊர்தி உரிமம் பெற்ற ஆட்டோ, ஷேர் ஆட்டோவாக வழிநெடுக ஆளேற்றுவது விதிக்குப் புறம்பானது. சாலைக்கு அப்பால், ஏரியின் இருக்கம் தீவுக்குச் செல்வோர் படகையே நம்பியுள்ளனர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். சேவையில் சேரும் படகுக்குப் பதிவும் ஆள் வரம்பும் மிதவை உடையும் கட்டாயமானால், ஒருங்கிணைப்பு உயிர்காக்கும் கருவியாகும். முறைப்படுத்தாமல் விட்டால், கடைக்கோடி மக்கள் நம்பியிருக்கும் ஊர்திகளே பட்டியலில் இடம்பெறாமல் போகும்.

ஆகவே, நகர நடுவில் பயன் தரும் இம்முறை ஏரிக்கரைக்கு அப்படியே பொருந்தாது. முதலில் பொன்னேரியில் ரயிலுக்கும் பேருந்துக்கும் நேரத்தை இணைக்க வேண்டும். அடுத்து கூடைக்கு இடமும், ஷேர் ஆட்டோவுக்கும் படகுக்கும் உரிமமும் தர வேண்டும். ஒரே சீட்டு அதன் பிறகு வந்தால் போதும்.