மயில்சிகையும் பெடோமின் கையேடும்

சென்னை மாகாண வனத்துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர் ஆர். எச். பெடோம். பிரிட்டிஷ் இந்தியா, இலங்கை, மலேயா பகுதிகளின் பெரணிகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு 1883-இல் வெளிவந்தது. அதிலுள்ள 300 படங்களும் அவரே வரைந்தவை. இந்த ஆங்கில நூல் இன்றைய மாணவருக்கு எந்த அளவு பயன்படும்? ஒரு செடியை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

புதுச்சேரி நகரம் மணற்பாங்கான கடற்கரையில் அமைந்தது. மேற்கே செஞ்சிப் பக்கம் சென்றால் கருங்கல் குன்றுகள் தொடங்குகின்றன. இத்தகைய வறண்ட குன்றுகளின் பாறை இடுக்குகளில் வளர்வது மயில்சிகை. தாவரவியலில் ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா. சுமார் ஒரு சாண் உயரம். இலை சிறு விசிறி போல் கதிர் கதிராகப் பிரிந்திருக்கும். கோடையில் காய்ந்து சுருண்டு, மழை பெய்ததும் மீண்டும் விரியும்.

படத்தைப் பார்த்த அளவிலேயே இச்செடியை அடையாளம் காணலாம். இதுவே நூலின் பெருஞ்சிறப்பு. குறை, வகைப்பாட்டில்தான். அக்கால வழக்கப்படி பெரும்பாலான பெரணிகள் பாலிப்போடியேசி என்ற ஒரே பெருங்குடும்பத்தில் அடைபட்டுள்ளன. வெளித்தோற்றம் ஏமாற்றக்கூடியது. 1801-இல் ஸ்வார்ட்ஸ், ஸ்போர்ப் பைகள் நீண்ட வரிசையில் இருப்பதைக் கண்டு மயில்சிகையை ஆஸ்ப்ளீனியத்தில் சேர்த்தார். ஆனால் ஆஸ்ப்ளீனியத்தில் அப்பைகளை மூடுவது தனியான மெல்லிய சவ்வு. மயில்சிகையில் மூடுவதோ மடிந்த இலை விளிம்பு. 1841-இல் லிங்க் இதைத் தனிப் பேரினமாக்கினார். டி.என்.ஏ. ஆய்வுகளையும் கருத்திற்கொண்டு 2016-இல் வெளியான உலகப் பெரணி வகைப்பாடு இதனை டெரிடேசி குடும்பத்தில் வைக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்களில் முளைக்கும் டெரிஸ் விட்டேட்டாவும் இக்குடும்பமே.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று எண்ண வேண்டாம். மயில்சிகை, மயூரசிகை என்னும் பெயர்கள் வேறொரு பெரணியான அடியாண்டத்துக்கும், பூக்கும் செடியான கோழிக்கொண்டைக்கும்கூட வழங்குகின்றன. மருந்துக்குப் பறிப்பவர் பெயரை மட்டும் நம்பினால் செடி மாறிவிடும்.

ஆகவே, பெடோமின் படங்களைப் போற்றுவோம்; குடும்பப் பெயர்களைப் புதிய நூல்களில் சரிபார்ப்போம். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அத்தகைய தொகுப்புகளின் துணையோடு, படமும் வகைப்பாடும் ஒருங்கே அமைந்த எளிய பெரணிக் கையேடு தமிழில் வர வேண்டும். இலையைத் திருப்பி, கைக்கண்ணாடியால் விளிம்பைப் பார்க்க அது முதலில் கற்றுத்தரட்டும்.