சாதா ஸ்டியரிங்கும் ஓட்டுநரின் தோளும்

பழைய டாடா 407 லாரியைப் பற்றிப் பேச்சு வந்தால் திண்டிவனம் பக்கத்து ஓட்டுநர்கள் முதலில் சொல்வது இன்ஜினைப் பற்றி அல்ல. "ரோடு கைக்குத் தெரியும்ணே" என்பார்கள். டாடா 407 சந்தைக்கு வந்தது 1986-இல். பவர் ஸ்டியரிங் இல்லாமல் வந்த அந்தக் காலத்துச் சின்ன லாரிகளையும் பிக்கப்புகளையும் ஓட்டிப் பழகியவர்கள், சாதா ஸ்டியரிங்தான் மேல் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி ஒரு வண்டியில் மல்லாட்டை மூட்டையும் தர்பூசணியும் ஏற்றி ஓட்டியவன் நான். அந்தப் பாராட்டில் பாதி உண்மை என்பதை என் கை அறியும். மீதிப் பாதிக்கு என் தோள் சாட்சி.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதா ஸ்டியரிங் பெட்டிக்குள் ஒரு திருகுமரை, அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு நட்டு, இரண்டுக்கும் நடுவே உருளும் இரும்புக் குண்டுகள். அங்கிருந்து டிராப் ஆர்ம், டிராக் லிங்க், சக்கரம். உள்ளங்கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் சக்கரம் படும் பாடு அப்படியே கைக்கு வந்துவிடும். ஒருநாள் விடியற்காலை கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது வண்டி இடப்பக்கம் மெல்ல இழுத்தது. சத்தமில்லை, ஆட்டமில்லை, இடது கையில் மட்டும் கூடுதலாக ஒரு கனம். ஓரம்கட்டிப் பார்த்தால் முன்டயரில் ஆணி, காற்று பாதி இறங்கியிருந்தது. இன்னொன்றும் உண்டு. லோடைப் பின்னுக்குத் தள்ளி அடுக்கியிருந்தால் முன்சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். அது ஆபத்தான லேசு. சாதா ஸ்டியரிங்கில் நூறடி போவதற்குள் அது புரிந்துவிடும்.

இந்தப் புகழெல்லாம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள நாற்பது கிலோமீட்டர் நால்வழிச்சாலைக்குச் சரி. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி அறுபதில் போகும்போது எந்த ஸ்டியரிங்கும் கனப்பதில்லை. ஆனால் லோடு வண்டியின் பிழைப்பு நெடுஞ்சாலையில் முடிவதில்லை. மரக்காணம் பக்கம் மணல்பாங்கான நிலத்தில் தர்பூசணி ஏற்றிவிட்டு, புதைந்த சக்கரத்தைத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். பிறகு விழுப்புரம் எம்.ஜி. ரோட்டில் தள்ளுவண்டிக்கும் சைக்கிளுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக நாலு முறை ஒடித்து ஒதுக்க வேண்டும். அங்கே கைகள் மட்டும் போதாது. சீட்டிலிருந்து எழுந்து, மார்பை ஸ்டியரிங்மேல் சாய்த்து, உடம்பு மொத்தத்தையும் போட்டுத்தான் இழுப்போம். வழுக்காமல் இருக்க வளையம் முழுக்கப் பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருக்கும். அந்தப் பின்னல் உள்ளங்கையில் வரிவரியாகப் பதிந்துவிடும்.

கனத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் பல்விகிதத்தைக் கூட்டினால் லேசாகும். ஆனால் அதே திருப்பத்துக்குக் கூடுதல் சுற்று சுற்ற வேண்டும். குறுக்கே பைக் பாயும்போது அந்த ஒரு சுற்றுக்கு நேரம் இருக்காது. சாதா ஸ்டியரிங்கைப் போற்றுகிறவர்கள் இந்தக் குறையைப் பேசுவதே இல்லை; எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. அடுத்தது எதிரடி. கல்லிலோ பள்ளத்திலோ சக்கரம் மோதினால் வளையம் தானாகச் சுழன்று கையை அடிக்கும். கட்டைவிரலை வளையத்துக்குள் கோக்காமல் வெளிப்புறமாகவே வைக்கப் புதுப்பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

பவர் ஸ்டியரிங் புதிய சங்கதியும் அல்ல. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-லேயே அதைக் காரில் பொருத்தி ஓட்டிக்காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கே வந்துவிட்டது. நம் ஊருக்கும் ஸ்டியரிங் தொழில் தூரமில்லை. ரானே மெட்ராஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் திருபுவனையிலேயே இருக்கிறது. ஆனாலும் 2005-இல் வந்த, குட்டி யானை என்று நாம் அழைக்கும் சின்ன லோடு வண்டி சாதா ஸ்டியரிங்கோடுதான் வந்தது. வண்டிக்குப் பணம் கட்டுகிறவர் ஒருவர், வளையத்தைத் திருப்புகிறவர் வேறொருவர். ஓனர் ஷோரூமில் மிச்சம் பிடிக்கும் தொகையை ஓட்டுநர் தன் தோள்மூட்டிலிருந்து பல வருடம் கட்டுகிறார். ஐம்பது வயதில் சட்டைக்குள் கை நுழைக்கச் சிரமப்படும் ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். "கை பலம் இருக்கிறவன்தான் டிரைவர்" என்ற பேச்சு அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளும். வண்டி ஓட்ட வரும் பெண்களையும் வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே லோடு அடித்துப் பிழைக்கிறவருக்குப் பவர் ஸ்டியரிங் ஆடம்பரம் இல்லை. இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

அதற்காக அதன் குறைகளை மறைக்க முடியாது. ஒரே விரலில் திரும்புவதால், நின்ற இடத்திலேயே சக்கரத்தை முறுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. டயர் தரையில் அரைபடும், டை ராடு முனைகள் சீக்கிரம் தளரும். அந்தத் தளர்ச்சியையும் பவர் ஸ்டியரிங் பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம் கைக்குத் தெரியாமல் மூடிவிடும். அந்தப் பம்ப் சுற்றுவது இன்ஜினால். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர், ஸ்டியரிங் உதவியையும் பிரேக்குக்கு வரும் வாக்குவத்தையும் ஒன்றாக இழக்கிறார். அப்போது அந்த ஸ்டியரிங் சாதா ஸ்டியரிங்கைவிடக் கனமாக இருக்கும். பழைய வண்டியில் வேறு வண்டியின் பவர் ஸ்டியரிங் பெட்டியைச் சேஸிஸில் வெல்டிங் வைத்து மாட்டுவதோ உயிரோடு விளையாடுவது.

பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் பவர் ஸ்டியரிங்கைப் பற்றி யோசிப்பதற்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அந்தரத்திலும் கனத்தால் குற்றம் லோடின்மேல் இல்லை. நான் மூன்று வருடம் ஸ்டியரிங்கைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். திண்டிவனத்து மெக்கானிக் ஒருவர்தான், "ஸ்டேரிங் மேல பழி போடாத தம்பி, கிங் பின்ன பாரு" என்று குனிந்து காட்டினார். முன்சக்கரம் திரும்பும் அச்சான அந்தக் கிங் பின்னுக்குக் கிரீஸ் போகும் நிப்பிளில் காய்ந்த களிமண் அடைத்திருந்தது. கிங் பின், புஷ் மாற்றிய பிறகு பாதிக் கனம் போயிற்று. மீதிப் பாதி வண்டியோடு பிறந்தது, போகவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது பவர் ஸ்டியரிங் பிக்கப். இன்னமும் சக்கரம் ஒரு சாண் உருண்ட பிறகுதான் என் கை வளையத்தைத் திருப்புகிறது.