அட்டையில் விழும் ஓட்டையைப் படியுங்கள்: .177 ஏர் ரைபிள் விமர்சனம்

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது வேகத்தை. பெட்டியின் மேலும் நொடிக்கு இத்தனை அடி என்ற எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அட்டையை நிறுத்திச் சுட ஆரம்பித்ததும் அந்த எண் எதற்கும் உதவாது என்று புரிந்துவிடும். குறி தப்பாமல் இருப்பது பேரலின் கையிலும், அதற்குள் போகும் குண்டின் கையிலும் இருக்கிறது.

சோதித்தது உள்நாட்டில் தயாரான .177 ரைபிள். பேரலை மடித்து ஸ்பிரிங்கை இழுக்கும் வகை. கோவை, திருப்பூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டிலும், புதிதாகக் குறிபார்த்துப் பழகும் கல்லூரிப் பிள்ளைகளின் கையிலும் அதிகம் காணப்படுவது இந்த வகைதான். இடம், பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பின்னால் மண்மேடு, முன்னால் 10 மீட்டரில் அட்டை.

கையில் எடுத்தால்

மரக்கட்டை தோளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஸ்பிரிங்கை இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். ட்ரிகர் கனம், எங்கே விடுபடும் என்று விரலுக்குச் சரியாகத் தெரியவில்லை. பின் சைட்டைத் திருகினால் ஒவ்வொரு கிளிக்கும் தெளிவாக விழுகிறது. ட்ரிகரைத் தவிர இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அட்டை சொன்னது

ரைபிளோடு கடையில் கொடுத்த குண்டுகளைப் போட்டுச் சுட்டபோது ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. அதைவிட முக்கியம், ஓட்டைகளின் வடிவம். தட்டைத் தலைக் குண்டு நேராகப் போனால் பஞ்ச் அடித்தது போல வட்டமாக வெட்டும். இங்கே பாதிக்குப் பாதி நீள்வட்டம். சிலவற்றில் குண்டின் இடுப்பும், பின்னால் விரியும் பாவாடையும் பக்கவாட்டில் பதிந்த தடம் அப்படியே தெரிந்தது. அதாவது, குண்டு காற்றில் உருண்டுகொண்டு போயிருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. ஓட்டை வட்டமாக இருந்து இடம் மட்டும் சிதறினால், பிடி, சைட், கட்டையின் ஸ்குரூ ஆகியவற்றைப் பாருங்கள். ஓட்டையே நீண்டிருந்தால் சுடுகிறவர் மேல் பழியில்லை. பேரலிலோ குண்டிலோதான் கோளாறு.

ஏன் உருள்கிறது?

பேரலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைக் கவ்விச் சுழற்றி அனுப்புகின்றன. வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாதது போலவே சுழலும் குண்டும் தலை சாயாமல் போகும். எவ்வளவு சுழற்சி தேவை என்பதற்கு ஆல்ஃபிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் ஒரு சூத்திரம் தந்தார். சாரம் எளிது: குண்டு நீளமாக நீளமாக, சுழற்சியும் அதிகமாக வேண்டும். என்.சி.சி. மாணவர்கள் சுடும் .22 ரகக் குண்டுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். அமெரிக்காவின் எம்-16 ரைபிளில் முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார்கள். கடுங்குளிரில் அடர்ந்த காற்றில் குண்டு தடுமாறியதால் 12 அங்குலமாக மாற்றினார்கள். பிறகு நீளமான குண்டு வந்தபோது அதுவே 7 அங்குலமாயிற்று.

ஏர் ரைபிள் குண்டுக்கு இன்னொரு துணையும் உண்டு. தலை கனமாகவும் பின்பக்கம் உள்ளே குழிந்தும் இருப்பதால், காற்றின் இழுவை பாவாடையைப் பின்னாலேயே பிடித்து வைக்கும். இரண்டு துணை இருந்தும் குண்டு உருள்கிறது என்றால் கோளாறு சிறியதல்ல. பேரலுக்குள் குண்டு தளர்வாக இருக்கலாம், பாவாடை நசுங்கியிருக்கலாம், பேரல் வாய் கெட்டிருக்கலாம், முன் சைட்டின் கூட்டிலோ சைலன்சரிலோ குண்டு உரசலாம். ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 343 மீட்டரை, நெருங்கினாலும் இந்த வடிவக் குண்டு தடுமாறும்.

காரணம் சிக்கியது

ஸ்பிரிங்கை இழுக்காத நிலையில், க்ளீனிங் ராடால் ஒரு கடைக் குண்டைப் பேரலுக்குள் தள்ளிப் பார்த்தோம். முதலில் கொஞ்சம் இறுகியது. பாதி வழியில் சட்டென்று வழுக்கி வாய்ப்பக்கம் வந்து விழுந்தது. லென்ஸில் பார்த்தால் தலையில் வரியே விழவில்லை. பாவாடையிலும் ஒரு பக்கம் மட்டும் லேசான கீறல். பள்ளங்கள் அதைக் கவ்வவே இல்லை. டப்பாவில் மிச்சமிருந்தவற்றில் பாவாடை கோணியவை ஏராளம்.

நல்ல மேட்ச் குண்டைப் போட்டதும் குரூப், அதாவது ஓட்டைகள் சிதறும் அகலம், பாதியாகச் சுருங்கியது. ஆனாலும் சில ஓட்டைகள் ஒரே பக்கமாக நீண்டன. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பேரல் வாயில் காதுக்குப் போடும் பஞ்சை ஒரு சுற்று சுற்றினார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. “இந்தப் பக்கம் பர்ரு நிக்குதுங்க. காத்து ஒரு பக்கமா முன்னாடியே பிச்சுட்டுப் போகுது, குண்டு சாயாம என்ன பண்ணும்?” என்றார். மிகச் சரி. குண்டு வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் காற்று சுற்றிலும் ஒரே சீராக விடுபட வேண்டும். ஒரு பிசிறு போதும், பாவாடை ஒரு பக்கமாக உதைபடும். பேஸ்ட் வைத்து அதை மழுக்கி, தொழிற்சாலையில் தடவிய எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுத்த பிறகு எல்லா ஓட்டைகளும் வட்டமாயின. குரூப் 20 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கியது.

ஸ்பிரிங் ரைபிளைப் பிடிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். குண்டு வெளியே போகுமுன்பே பிஸ்டன் ஓடி முட்டி, ரைபிளைப் பின்னுக்கும் முன்னுக்கும் உலுக்கிவிடும். இறுக்கிப் பிடிக்காமல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் லேசாகத் தாங்குங்கள். உலுக்கலில் கட்டையின் ஸ்குரூ தளரும், அடிக்கடி முடுக்குங்கள்.

வேகக் கணக்கு

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 900 அடி வேகத்தில் போனாலே 20 ஜூல் வந்துவிடும். அதற்கு மேல் பெட்டியில் போட்டிருந்தால், எடை குறைந்த குண்டை வைத்து அளந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வரம்பு மீறியிருக்கிறது. இரண்டுமே வாங்குகிறவருக்கு நல்லதல்ல. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கமும், 2012 லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங்குக்கு வெண்கலமும் கிடைத்த 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. பொட்டு. அந்தப் போட்டி ரைபிள்கள் நொடிக்கு 900 அடியைவிட மெதுவாகச் சுடுபவை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சோளக்காட்டில் மயில் இறங்குகிறது என்று இதைத் தூக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது, சுடுவது குற்றம். இந்தக் குண்டு அதை உடனே கொல்லாது, காயத்தோடு நாள் கணக்கில் துடிக்க விடும். இந்த ரைபிள் அட்டைக்கு மட்டுமே.

வாங்கலாமா?

10 மீட்டரில் பழகுவதற்கு வாங்கலாம். ஆனால் பெட்டியோடு தூக்கி வராதீர்கள். பேரல் வாயில் பஞ்சைச் சுற்றிப் பாருங்கள். ஸ்பிரிங்கை இழுக்காமல் ஒரு குண்டைத் தள்ளச் சொல்லி, வரி முழுச் சுற்றும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டை நீண்டிருந்தால் வேறு பீஸ் கேளுங்கள். பம்ப் செட்டின் ஷாஃப்டிலும் நூற்பாலை ஸ்பிண்டிலிலும் மைக்ரான் பார்த்து வேலை வாங்கும் ஊர் நம்முடையது. பேரலிலும் அதே கணக்கைக் கேட்டு வாங்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. வாங்குகிறவர் கேட்டால்தான் தயாரிக்கிறவரும் பெட்டியில் வேகத்தோடு குரூப்பையும் அச்சடிக்க ஆரம்பிப்பார்.