இடுக்கி முனையில் ஒரு பூ

சோயாப் பூ அரிசிமணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். கலப்பினம் உருவாக்குபவர் அதற்கும் முந்திக்கொள்ள வேண்டும். மொட்டின் புல்லிகளையும் இதழ்களையும் இடுக்கியால் உரித்து, உள்ளிருக்கும் சூல்முடியில் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். வெயிலில், குனிந்த முதுகோடு. பல பூக்கள் உதிர்ந்துவிடும். தங்கிய காயில் இரண்டு மூன்று விதைகள்.

அடுத்த வேலைதான் என்னை மயக்குவது. முளைக்கரு இல்லாத பக்கமாக விதையில் சிறு சீவல் எடுத்து, அதன் கொழுப்பு அமிலங்களை அளக்கிறார்கள். மீதி விதையை நட்டால் முளைக்கும்!

சாதாரண சோயா எண்ணெயில் 7, 8 சதவீதம் லினோலெனிக் அமிலம். எண்ணெய் சீக்கிரம் காறிப்போவதற்கு முக்கியக் காரணம் அதுதான். அதைத் தடுக்க ஹைட்ரஜன் ஏற்றப்போய், டிரான்ஸ் கொழுப்பு வந்து சேர்ந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஃபேர் அந்த அமிலத்தை 1 சதவீதத்துக்கு இறக்கினார். மிசூரி ஆய்வாளர்கள் இரண்டு மரபணுக்களின் திரிந்த வடிவங்களை ஒரே செடியில் சேர்த்தபோது, 20 சதவீத அளவில் இருந்த ஒலெயிக் அமிலம் 80 சதவீதத்தை எட்டியது. வெளி மரபணு எதையும் புகுத்தவில்லை.

எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கை மேம்படுத்துவது இன்னும் கடினம். விதையில் புரதம் சுமார் 40, எண்ணெய் 20 சதவீதம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கப் பார்க்கும். பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களும் உண்டு. சூடாக்காமல் கோழிக்கோ பன்றிக்கோ போட்டால் சரியாக வளராது. அந்தப் புரதங்களில் ஒன்றான குனிட்ஸ் தடுப்பான் இல்லாத ரகத்தை இல்லினாய் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயரும் ‘குனிட்ஸ்’.